ஆச்சியை நீக்கிய படம்

செய்தித்தாளை விரித்து ஒரு உதறு உதறுவார்களே, அந்தச் சத்தம். காரைக்குடி பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் யாராவது அப்படி உதறினால் போதும், வாய்க்குப் போகிற கிளாஸ் பாதி வழியில் நின்றுவிடுகிறது. புறா ஒன்று இறக்கையடித்துக் கிளம்புகிறது. கிளம்பி நேராகப் பள்ளத்தூருக்குப் போகிறது, எங்கள் வீட்டு வளவுக்குள் இறங்குகிறது, மூன்றாவது தூணடியில் போய் உட்காருகிறது. அங்கே ஒரு பச்சை பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலியில் ஆச்சி. டீ ஆறிவிடுகிறது.

ஆச்சி என்றதும் வயதான பாட்டியை நினைத்துவிட வேண்டாம். எங்கள் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவோம். இவர் என் பெரியப்பா மகள். அறுபதைத் தாண்டி இரண்டு மூன்று வயது இருக்கும். தேவகோட்டையில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ரிடையர் ஆனவர். பேப்பரைத் தலைப்புச் செய்தியில் ஆரம்பித்து டெண்டர் விளம்பரம் வரை விடமாட்டார். படித்து முடித்ததும் யாரையாவது திட்ட வேண்டும். ஆள் கிடைக்காவிட்டால் வானிலை அறிக்கையைத் திட்டுவார்.

வளவு என்பது வீட்டின் நடுக்கட்டு. நடுவில் வானம் திறந்த முற்றம், சுற்றிலும் தூண்கள், தூண்களுக்குப் பின்னால் வரிசையாக அறைகள். கல்யாணமான ஒவ்வொரு ஆண்மகனும் ஒரு புள்ளி, புள்ளிக்கு ஓர் அறை. பெண்பிள்ளைகளுக்குப் பிறந்த வீட்டில் புள்ளி கிடையாது. சட்டம் இன்று வேறு சொல்கிறது. ஆச்சிக்கு அது தெரியாமல் இல்லை, எத்தனையோ பேருக்கு மனு எழுதிக் கொடுத்த கை அது. தனக்கென்று ஒரு வரி எழுதவில்லை. புருஷன் போனபிறகு, பிள்ளையும் இல்லாமல், கூடப்பிறந்த அண்ணன் “என் அறையில இருந்துக்க” என்று சொன்ன ஒரு வாய்வார்த்தையில் வந்து உட்கார்ந்தவர். அண்ணன் இருப்பது சென்னையில். மற்றப் பங்காளிகள் கோயம்புத்தூர், பெங்களூர், மலேசியா. நான் மட்டும் காரைக்குடி. எனக்கும் அந்த வீட்டில் ஒரு புள்ளி உண்டு. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு சொன்னால் ஒளித்த மாதிரி ஆகிவிடும்.

பிழைப்புக்கு நான் செய்வது கல்யாண ஆல்பம். படம் எடுப்பவர்கள் ஆயிரக்கணக்கில் கொண்டுவந்து கொட்டுவார்கள், நான் நிறம் திருத்தி, வெட்டி, ஒட்டி, பக்கம் பக்கமாக அடுக்கித் தருவேன். என் கம்ப்யூட்டரில் அப்போது மூன்று மென்பொருள்கள் இருந்தன. மூன்றும் மூன்று சுபாவம்.

முதலாவது கிழம். ஒரு முறை காசு கொடுத்தால் நம்முடையது என்றிருந்த காலத்தில் வாங்கியது. அதில் ஒன்றை அழிக்க வேண்டுமானால் கொத்தனார் வேலை செய்ய வேண்டும். பக்கத்துச் சுவரிலிருந்து கொஞ்சம் சுவர் எடுத்து, பக்கத்துத் தரையிலிருந்து கொஞ்சம் தரை எடுத்து, துளித்துளியாக மேலே பூச வேண்டும். ஒரு ஆளை மறைக்க ஒரு மணி நேரம் ஆகும். அந்த ஒரு மணி நேரமும் அவரைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். காது மடலில் முடி, சட்டைப் பையில் பேனா, வெற்றிலைக் கறை. மறைத்து முடிப்பதற்குள் அவர் நமக்குச் சொந்தக்காரர் ஆகிவிடுவார்.

இரண்டாவது இலவசம். மெனு எல்லாம் கண்ட இடத்தில் கிடக்கும், பழக ஆறு மாதம். ஆனால் நல்ல குணம். அசல் படத்தைத் தொடவே தொடாது. கண்ணாடித் தாள் வைத்த மாதிரி, செய்யும் மாற்றத்தையெல்லாம் மேலே மேலே வைத்துக்கொள்ளும். பிடிக்கவில்லையா, தாளை உருவு. புதிதாகத் தொழிலுக்கு வருகிறவர்கள் எதை வாங்கலாம் என்று கேட்டால் நான் ஒரே பதில்தான் சொல்வேன். வெளிச்சத்தை எவ்வளவு ஏற்றுகிறது என்று பார்க்காதே, எவ்வளவு தூரம் திரும்பி வரவிடுகிறது என்று பார். என்னவொரு ஞானம். கேட்டவர்கள் தலையாட்டிக்கொண்டு போனார்கள்.

மூன்றாவது புதுசு. ஒரு மாதம் சும்மா ஓட்டிப் பார், பிறகு சந்தா கட்டு என்று வந்தது. வேண்டாததைச் சுற்றி ஒரு வட்டம் போடு. விரலை எடு. இல்லை. அவ்வளவுதான். முதலில் ஒரு காக்காயை எடுத்தேன். பிறகு கோயிலூர் கோபுரத்துக்குக் குறுக்கே ஓடிய கரண்டு கம்பியை. பிறகு ஒரு வீட்டு முகப்பிலிருந்து மீட்டர் பெட்டியை. நீக்குவதில் ஒரு ருசி இருக்கிறது, சும்மா சொல்லக்கூடாது. நாக்கில் ஒட்டிக்கொண்டு இன்னும் இன்னும் என்னும்.

வாடிக்கையாளர்களும் மோப்பம் பிடித்துவிட்டார்கள். ஒரு கல்யாணப் பெண்ணின் தாயார் போன் செய்தார்.

“தம்பி, எட்டாம் பக்கத்துல கோடு போட்ட சட்டையோட நிக்கிறாகள்ல, அவுகள எடுத்துருங்க.”

“பொண்ணுக்குத் தாய்மாமன் இல்லையாம்மா அவரு?”

“கல்யாணத்தன்னிக்கு மாமன்தான். இப்பப் பேச்சுவார்த்தை இல்ல.”

“மாலை எடுத்துக் குடுக்குறாரேம்மா. ஆள எடுத்துட்டா மாலை அந்தரத்துல நிக்கும்.”

“நின்னா நிக்கட்டும். ஆகாசத்துல இருந்து வந்துச்சுன்னு சொல்லிக்கிறோம்.”

சிரித்துக்கொண்டே எடுத்தேன். மாலையை யார் கையிலிருந்தோ வருவதாக ஜோடித்தேன். தப்பாகவே தெரியவில்லை.

அப்படியிருக்கும்போதுதான் சென்னை அண்ணன் பேசினார். ஒரு கம்பெனி வீட்டைக் குத்தகைக்கு எடுத்து, சுற்றுலா வருகிறவர்கள் தங்குகிற விடுதி ஆக்கப்போகிறது. படம் அனுப்ப வேண்டும். பங்காளிகளும் அதைப் பார்த்துத்தான் சம்மதம் சொல்வார்கள்.

“நல்லாப் பளிச்சுன்னு எடு. ஆள் நடமாட்டம் எதுவும் இருக்கக்கூடாது, காலி வீடாத் தெரியணும், புரியுதா?”

“ஆச்சி இருக்காகளே அண்ணே.”

“படத்துக்குத்தானப்பா சொல்றேன். மத்தத நான் பேசிக்கிறேன்.”

ஐப்பசி மழை விட்ட ஒரு காலையில் பள்ளத்தூர் போனேன். முற்றத்தில் ஈரம் காய்ந்துகொண்டிருந்தது. அப்படி ஒரு வெளிச்சம் வருஷத்தில் நாலு நாள் வந்தால் அதிகம். பால் காய்ச்சி இறக்கியதும் மேலே ஒரு ஆடை படியுமே, அந்த நிறத்தில் தூண்களெல்லாம் நின்றன. ஆச்சி இஸ்திரி போட்ட ஊதாச் சேலையில் இருந்தார். காலடியில் காப்பி டம்ளர்.

“மூணு காலு வச்சுக்கிட்டு வந்துருக்க. உன் ரெண்டு காலு பத்தலையாக்கும்?” என்று என் ஸ்டாண்டைப் பார்த்துச் சொன்னார். கேமராவை நான் அவர் பக்கம் திருப்பியதும் பேப்பரைத் தாழ்த்தினார்.

“நான் எந்திரிக்கவா தம்பி? எடைஞ்சலா இருக்கேனா?”

பிறந்த வீட்டில் உட்கார்ந்திருக்கும் அக்காவைப் பார்த்து எந்திரிங்க என்று ஒரு தம்பி சொல்வதா? எங்களில் அந்தப் பழக்கமே இல்லை. பந்தியில் உட்கார்ந்தவரை எழுப்புகிற மாதிரி. ஆனால் என் மரியாதைக்குப் பின்னால் வேறொன்றும் நின்றது. வீட்டில் அந்த மூன்றாவது மென்பொருள் இருக்கிறதே. முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டாமே. வட்டம் போட்டுக்கொள்ளலாமே.

“வேணாம் ஆச்சி. இருங்க. நீங்க இருக்குறதுதான் அழகு.”

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

“ரிடையர் ஆன அன்னிக்கு ஸ்கூல்ல குரூப் போட்டோ எடுத்தாக. என்னயக் கடைசி வரிசையில நிக்க வச்சு, மூக்குக்கு மேலதான் தெரிஞ்சுச்சு. இதுல முழுசா வருவேன்ல?”

“முழுசா வருவீக.”

“வந்தாச் சரி. வீட்டக் கம்பெனிக்கு விடப்போறாகன்னு காதுல விழுந்துச்சு. அவுக பாத்தா, ஒருத்தி குடியிருக்கான்னு தெரியும்ல. தெரிஞ்சா இந்த ஒரு அறைய விட்டுட்டு மத்தத எடுத்துக்கிருவாக. பெரிய எடத்து ஆளுக, மனுசாளு இருக்குறத ஒதுக்கிட்டுப் போக மாட்டாக. உன் அண்ணன்ட்ட நான் கேக்க மாட்டேன் தம்பி. கேட்டு இல்லைன்னுட்டா அப்பறம் மூஞ்சிய எங்க வச்சுக்கிறது? படமே சொல்லட்டும்.”

அந்த நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். ஆச்சி, ஆள் இல்லாத படம்தான் கேட்டிருக்கிறார் அண்ணன். இவ்வளவுதானே, ஆறே வார்த்தை. பன்னிரண்டு படம் எடுத்தேன். பன்னிரண்டிலும் அவர் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு தடவை ஷட்டர் விழுந்ததும், “வந்துருச்சா?” என்று கேட்டார். ஒவ்வொரு தடவையும் வந்துருச்சு என்றேன்.

அன்று மத்தியானமே உட்கார்ந்துவிட்டேன். அகல லென்ஸில் எடுத்தால் தூண்கள் உள்பக்கமாகச் சாயும், அதை நிமிர்த்தினேன். நிழலுக்குள் கிடந்த கதவு வேலைப்பாட்டை மேலே தூக்கினேன். ஈரத்தின் நீலத்தைக் குறைத்து வெயிலின் மஞ்சளைக் கூட்டினேன். இதுவரை இரண்டாவது மென்பொருளில்தான், கண்ணாடித் தாள் மேல் கண்ணாடித் தாளாக. பிறகு ஆச்சி. கிழட்டு மென்பொருளைத் திறந்து ஒரு தூணின் துண்டை எடுத்து அவர் தோளில் வைத்தேன். திரையில் தோள் பெரிதாக இருந்தது. சேலைத் தலைப்பில் குத்தியிருந்த ஊக்கு தெரிந்தது. மூடிவிட்டேன். மூன்றாவதைத் திறந்தேன்.

வட்டம். ஆச்சி போனார். நாற்காலி போனது. பேப்பர் போனது. எண்ணி நாலு நொடி. அவர் மறைத்திருந்த தூணின் அடிப்பாகத்தை அந்த எந்திரம் தானாகவே கற்பனை செய்து வரைந்தது. நான் சின்ன வயதிலிருந்து சாய்ந்த தூண், அதைவிட அழகாக வரைந்தது.

நிழல் மட்டும் போகவில்லை. ஆளே இல்லாத தரையில் ஒரு பெண் பேப்பரோடு உட்கார்ந்திருக்கிற நிழல் தனியாகக் கிடந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். அதற்கும் ஒரு வட்டம் போட்டேன்.

டம்ளரை விட்டுவிட்டேன். தூணடியில் ஒரு சில்வர் டம்ளர், விளிம்பில் ஒரு கீற்று வெயில். இருந்தால் படத்துக்கு உயிர் வரும் என்று தோன்றியது. உயிர்! இதை எழுதக் கை கூசுகிறது.

படங்கள் எங்கள் புள்ளிக்காரர்களின் வாட்ஸாப் குழுவில் ஏறின. ஆண்கள் மட்டும் இருக்கிற குழு அது. கட்டை விரல்கள் குவிந்தன. “நம்ம வீடா இது!” என்றார் ஒருவர். “என் அறையில ஒழுகுமே, அந்தக் கறைய எங்க காணோம்?” என்றார் இன்னொருவர். மலேசியாவில் இருக்கும் பங்காளி மட்டும், “ஆச்சி அங்குட்டுத்தானே இருந்தாக? இப்ப இல்லையா?” என்று கேட்டிருந்தார்.

அண்ணன் பதில் போட்டார்: “படத்தப் பாரு. வீடு காலி.”

அசல் படம் என்னிடம் பத்திரமாக இருந்தது. ஒரு தொடுகை. அனுப்பியிருந்தால் மலேசியாக்காரர் பேசியிருப்பார், அவர் பேசினால் இன்னும் இரண்டு பேர் பேசியிருப்பார்கள். கைப்பேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்தேன். அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு இல்லாமலே வளர்ந்தவன் என்று சொல்லிக்கொண்டேன். ஐம்பது வயதில் சொல்லிக்கொள்ளக் கூசவில்லை.

பத்து நாள் கழித்து ஆச்சி போன் செய்தார். கொஞ்சம் வந்துட்டுப் போ என்றார். போனேன். நாற்காலியில் இல்லை, நின்றுகொண்டிருந்தார்.

“கம்பெனியில இருந்து ஒரு பொண்ணு வந்துச்சு தம்பி. கையில பலகை மாதிரி ஒண்ணு. அதுல நீ எடுத்த படம். படத்தையும் தூணையும் மாத்தி மாத்திப் பாத்துச்சு. நல்ல பொண்ணு. ‘நீங்க இங்க க்ளீனிங்கா மேடம்’னு கேட்டுச்சு.”

“நீங்க என்ன சொன்னீக?”

“ஆமான்னேன். தெனமும் கூட்டுறவ நான்தானே?”

சிரித்தார். நான் தரையைப் பார்த்தேன்.

“டம்ளர் வந்துருக்கு பாத்தியா? அந்தப் பொண்ணு வெரலு வச்சுக் காட்டுச்சு, ‘க்யூட்டா இருக்கு’ன்னு. டம்ளருக்கு இருக்குற குடுப்பினை. நான் பாதி குடிச்சது அது, ஆடை கூடப் படிஞ்சிருக்கும்.” கொஞ்சம் பொறுத்து, “எந்திரிக்கவான்னு கேட்டேன்ல? ஆமான்னா எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிருப்பேன். அது நானாப் போனது. உக்காருன்னு உக்கார வச்சிட்டுல்ல…” என்றவர் முடிக்கவில்லை.

“அசல் இருக்கு ஆச்சி. இப்பவே குரூப்புல போடுறேன்.”

“போடு, போடு. உங்க குரூப்புல நான் இல்ல, போட்டியான்னு எனக்கெப்படித் தெரியும்?”

அங்கேயே நின்று அனுப்பினேன். அவர் முகத்துக்கு முன்னாலேயே. ஊதாச் சேலை, பேப்பர், முழுசாக. எல்லோரும் பார்த்துவிட்டதற்கு அடையாளமாக நீலக் கோடுகள் விழுந்தன. ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு அண்ணனின் ஒரு வரி: “இது பழைய படம்.”

இல்லை அண்ணே, இதுதான் அசல், அதுதான் திருத்தியது என்று அடித்தேன். அடித்து அனுப்புவதற்குள் போன் வந்தது. தள்ளிப்போய் எடுத்தேன்.

“கையெழுத்துப் போடுற நேரத்துல என்னப்பா குழப்புற? என் தங்கச்சிய நான் பாத்துக்க மாட்டேனா? சென்னைக்கு வரச்சொல்லி எத்தன தடவ கூப்புட்டேன்? நீ இதுல தலையிடாத.”

“சரி அண்ணே.”

சரி அண்ணே. அடித்து வைத்ததை எழுத்தெழுத்தாக அழித்தேன். அதற்கு வட்டமெல்லாம் வேண்டியிருக்கவில்லை. தூணடியிலிருந்து ஆச்சி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன சொன்னாக என்று கேட்கவேயில்லை. “காப்பி போடவா?” என்று கேட்டார்.

எத்தனையோ மென்பொருளை ஒப்பிட்டு எத்தனையோ பேருக்கு யோசனை சொன்னவன். திரும்பி வரவிடுகிறதா பார் என்று. எல்லாமே வரவிட்டன. அசல் ஒரு புள்ளி குறையாமல் இப்போதும் என் டிஸ்க்கில் இருக்கிறது, இரண்டு நகல் வேறு. திரும்பி வராதவன் நான்தான். அந்தச் சந்தாவை ரத்து செய்தேன். அதனால் யாருக்கு என்ன ஆயிற்று? கிழட்டு மென்பொருளிலேயே இப்போது வேலை செய்கிறேன். ஒரு ஆளை எடுக்கச் சொன்னால் ஒரு மணி நேரம் முகத்தைப் பார்க்கிறேன். வாடிக்கையாளர்கள் தாமதம் என்று குறைப்படுகிறார்கள்.

யாரும் போகச் சொல்வதற்கு முன்னாலேயே ஆச்சி ஏற்பாடு செய்துவிட்டார். தேவகோட்டையில், வேலை பார்த்த பள்ளிக்கூடத்துக்குப் பின்தெருவில், மாடியில் ஒரு போர்ஷன். தை பிறந்த பிறகு ஒரு நல்ல நாள் பார்த்து லோடு ஆட்டோ வந்தது. ஒரு இரும்புக் கட்டில், ஒரு பீரோ, இரண்டு சாக்கு, ஒரு கேஸ் அடுப்பு. அத்தனை பெரிய வீட்டிலிருந்து ஒரு லோடு கூட நிறையவில்லை. நானும் டிரைவருமாகக் கட்டிலைத் தூக்கி ஏற்றினோம். நான் போட்ட கயிற்று முடிச்சு நழுவியது. டிரைவர் வாங்கி இறுக்கிக் கட்டினார்.

ஆச்சி அறையைப் பூட்டி, சாவியை ஒரு கவரில் போட்டு, மேலே அண்ணன் பெயரை எழுதி என்னிடம் தந்தார். கிளார்க் கையெழுத்து, ஒரு சாய்வு இல்லாமல். தெருவில் நின்று வீட்டை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தார். ஆட்டோவில் டிரைவர் பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து சேலையை ஒதுக்கிக்கொண்டார்.

மன்னிப்புக் கேட்கத்தான் பக்கத்தில் போனேன். வாயில் வந்தது வேறு.

“ஞாயித்துக்கெழம வர்றேன் ஆச்சி.”

“வா. வரும்போது ஒரு போன் போட்டுட்டு வா தம்பி. வீட்டுக்காரவுக, யாரு என்னன்னு என்னயக் கேட்டுட்டுத்தான் ஆள மாடிக்கு விடுவாகளாம்.”